ஜெம்5-ஐ சிஸ்டம்சிக்குள் குடிவைத்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஜெம்5 என்பது சிபியு, மெமரி அடங்கிய ஒரு கணினியையே மென்பொருளில் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர். தனியாக ஓட்டும்போது அது நல்ல பிள்ளை. லினக்ஸ் பூட் ஆகும், ஸ்டாட்ஸ் கோப்பு நிரம்பும், கேட்டதற்குப் பதில் வரும். அதையே ஒரு சிஸ்டம்சி மாடலுக்குள் (சிஸ்டம்சி, ஹார்ட்வேரை சி++-இல் மாடலாக எழுத உதவும் நூலகம்) குடிவைத்த மறுநாள் வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். சொந்த வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குத் தானே சாவி கொடுத்துப் பழகிய ஆள், வாடகை வீட்டுக்கு வந்தும் அதே பழக்கத்தை விடாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இது. இங்கே நேரத்தை நகர்த்தும் உரிமை சிஸ்டம்சி கர்னலுக்கு (சிமுலேஷனை ஓட்டும் அதன் மையப் பகுதிக்கு) மட்டும். அது மீறப்பட்டால் வெளியே தெரியும் அறிகுறி பலவிதம், உள்ளே நோய் ஒன்று. எல்லாக் கோளாறுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்து தேடியவற்றில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5-ம் விஸ்கான்சினின் ஜெம்ஸும் 2011-இல் ஒன்றாகிப் பிறந்தது ஜெம்5. சிஸ்டம்சி என்பது ஐட்ரிபிள்ஈ 1666 தரம், மாடல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான விதிகளான டிஎல்எம் 2.0 அந்தத் தரத்துக்குள் வந்ததும் 2011 பதிப்பில்தான். இரண்டும் சி++. இரண்டும் ஈவென்ட் வரிசையை, அதாவது எந்த வேலை எந்த நேரத்தில் என்ற பட்டியலை, வைத்து ஓடுபவை. சேர்ப்பது சுலபம் என்று தோன்றுவதும் அதனால்தான், சேர்த்தபின் சண்டை வருவதும் அதனால்தான்.

ஜெம்5-இன் மூலக்கோப்புகளில் 'யூட்டில்' அடைவுக்குள் 'சிஸ்டம்சி', 'டிஎல்எம்' என்று இரண்டு அடைவுகள் இருக்கும். முதலாவது, ஜெம்5-ஐ நூலகமாகக் கட்டி ஒரு சிஸ்டம்சி மாட்யூலுக்குள் ஓட்டும் வழி. இரண்டாவது, ஜெம்5 பாக்கெட்டை (மெமரிக் கோரிக்கையைச் சுமக்கும் ஆப்ஜெக்ட்) அதன் டிஎல்எம் வடிவமான பேலோடாகவும் பேலோடைப் பாக்கெட்டாகவும் மாற்றும் டிரான்சாக்டர். தலைகீழ் வழியும் உண்டு: ஜெம்5 தன் சொந்த ஈவென்ட் வரிசையின் மேலேயே ஒரு சிஸ்டம்சி கர்னலை எழுதி வைத்திருக்கிறது. உங்கள் சிஸ்டம்சி மாடல்களின் மூலக்கோப்பு முழுவதும் கையில் இருந்தால் முதலில் அந்த வழியைப் பாருங்கள். பாதித் தலைவலி குறையும். வெளியார் கம்பைல் செய்து நூலகமாகக் கொடுத்த மாடல் என்றால் சிஸ்டம்சியை வெளியிடும் அக்செல்லெரா அமைப்பின் கர்னல்தான் வீட்டுக்காரர். கீழே உள்ளது அந்த நிலையில் இருப்பவர்களுக்கு.

எதையும் தொடுமுன்

இரண்டையும் இணைக்கும் நிரலான பிரிட்ஜில், ஜெம்5-க்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு வரி அச்சிடுங்கள். சிஸ்டம்சியின் நேரம் எவ்வளவு, ஜெம்5-இன் நடப்பு டிக் (அதன் நேர எண்) எவ்வளவு, கூப்பிட்டது யார். இப்படி:

சிஸ்டம்சி 3000 | ஜெம்5 3000 | சிபியு படிக்கிறது
சிஸ்டம்சி 5000 | ஜெம்5 3000 | டிஎம்ஏ எழுதுகிறது

இரண்டாவது வரியில் (டிஎம்ஏ என்பது சிபியு இல்லாமல் தானே மெமரியைத் தொடும் சாதனம்) இரண்டு நேரமும் வேறாக இருப்பதைப் பார்த்ததும் உங்களுக்குக் கை அரித்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். டீபக்கரான ஜிடிபியைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அடுக்கடுக்கான கால் ஸ்டாக்கைவிட இந்த இரண்டு எண்கள் அதிகம் சொல்லும்.

அறிகுறி: லிங்கர், 'ஏபிஐ வெர்ஷன்' என்று தொடங்கும் பெயர் கிடைக்கவில்லை என்கிறது

சிஸ்டம்சி நூலகம், தான் எந்த வெர்ஷன், எந்த சி++ தரத்தில் கட்டப்பட்டது என்பதை ஒரு சிம்பலின் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கும். நீங்கள் சி++17-இல் கம்பைல் செய்து, நூலகம் சி++11-இல் கட்டியதாக இருந்தால் அந்தப் பெயர் பொருந்தாது. பெயரின் வாலில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். எந்தத் தரம் எதிர்பார்க்கப்படுகிறது என்று அதுவே சொல்லிவிடும். ஜெம்5-இன் புதிய வெளியீடுகள் சி++17 கேட்பதால், சிஸ்டம்சியையும் அதே தரத்தில் மறுபடி கட்டுவதுதான் வழி. மேக்ஃபைலில் சிம்பலை ஏமாற்றப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனை உங்கள் நன்மைக்காகவே வைக்கப்பட்டது.

அறிகுறி: ஒரே சிஸ்டம்சி பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று புகார், அல்லது லிங்க் ஆகி ஓடும்போது விசித்திரமான முறிவு

ஜெம்5-க்குள் இருக்கும் அந்தச் சொந்த சிஸ்டம்சி கர்னல் நூலகத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. ஒரே உறைக்குள் இரண்டு கத்தி. ஜெம்5-ஐக் கட்டும் கருவியான ஸ்கான்ஸில் 'யூஸ் சிஸ்டம்சி' என்ற தேர்வை அணைத்து நூலகத்தை மறுபடி கட்டுங்கள். கூடவே மூன்று தேர்வுகள் வேண்டும்: பைதான் இல்லாமல், டிசிமாலோக் இல்லாமல், சி++ கான்ஃபிக் வசதியோடு. மூன்றாவதை விட்டால் கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் வகுப்புகளே நூலகத்தில் இருக்காது.

அறிகுறி: முதல் ஈவென்டிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட், ஜிடிபியில் பார்த்தால் மதிப்புகள் எல்லாம் ஓர் இடம் தள்ளி இருக்கின்றன

இதற்கு என் வாழ்க்கையில் இரண்டரை நாள் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஜெம்5-இன் ஈவென்ட் வகுப்பைத் திறந்து பாருங்கள். அதற்குள் 'இன்ஸ்டன்ஸ்' என்று ஓர் எண்ணி இருக்கும்; அசெர்ட் சோதனைகளை அணைக்கும் 'என்-டீபக்' மேக்ரோ வரையறுக்கப்படாத போதுதான் அது இருக்கும். ஜெம்5-இன் 'ஆப்ட்' கட்டில் (பில்டில்) அந்த மேக்ரோ கிடையாது, 'ஃபாஸ்ட்' கட்டில் உண்டு. எங்கள் வெளி மாடலின் மேக்ஃபைலில், ரிலீஸ் கட்டு என்றால் 'என்-டீபக்' சேர்த்துவிடும் ஒரு வரி எவரோ என்றோ எழுதியது அப்படியே கிடந்தது. ஆக நூலகம் ஒரு ஈவென்டை ஓர் அளவில் பார்க்கிறது, வெளியே இருக்கும் நம் நிரல் அதே ஈவென்டை அதைவிடச் சிறிய அளவில் பார்க்கிறது. கம்பைலர் வாய் திறக்காது. லிங்கரும் வாய் திறக்காது. டீபக் கட்டில் எல்லாம் சரியாக ஓடும், ரிலீஸ் கட்டில் மட்டும் விழும். 'டீபக்கில் ஓடுது, ரிலீஸில் விழுது' என்றால் எல்லாரும் துவக்கப்படாத மாறியைத் தேடுவார்கள். நானும் அதைத்தான் தேடினேன்.

சோதிக்கும் முறை எளிது. ஈவென்ட் வகுப்பின் அளவை நூலகத்துக்குள் ஒரு செயற்கூற்றிலிருந்தும் உங்கள் மெயின் கோப்பிலிருந்தும் அச்சிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால், ஜெம்5 எந்தக் கம்பைலர் கொடிகளோடு (ஃபிளாக்) கட்டப்பட்டதோ அதே கொடிகளை வெளி நிரலுக்கும் கொடுங்கள். டிரேஸிங் தொடர்பான மேக்ரோவுக்கும் இதே விதிதான்.

அறிகுறி: 'டிஎல்எம் ஸ்லேவ்' வகைக்கு போர்ட் ஹேண்ட்லர் இல்லை என்று ஜெம்5 ஃபேட்டல் கொடுத்து நிற்கிறது

பயப்பட ஒன்றுமில்லை, இது எதிர்பார்த்ததே. இந்த ஏற்பாட்டில் வேலை இரண்டு கட்டம். முதலில் வழக்கமான ஜெம்5-ஐ பைதான் ஸ்கிரிப்டோடு ஓட்டுகிறோம். அது 'எம்5அவுட்' அடைவில் கான்ஃபிக் ஐஎன்ஐ கோப்பை எழுதிவிட்டு, வெளி போர்ட்டை இணைக்க ஆள் இல்லாததால் செத்துப்போகும். கோப்பு எழுதப்பட்டுவிட்டதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் சிஸ்டம்சி நிரல் அந்தக் கோப்பைப் படித்து ஓடும். ஹேண்ட்லர் அங்கேதான் பதிவாகிறது. இரண்டாம் கட்டத்திலும் இதே செய்தி வந்தால்தான் கோளாறு: ஹேண்ட்லரைப் பதிவுசெய்யும் வரி, கான்ஃபிக்கை உருவாக்கும் வரிக்குப் பின்னால் போய்விட்டது, அல்லது வகையின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை.

அறிகுறி: இன்ன சிம் ஆப்ஜெக்ட் (ஜெம்5 மாடலின் ஒரு பகுதி) வகை கிடைக்கவில்லை என்கிறது

கான்ஃபிக் கோப்பை எழுதிய ஜெம்5-ம் நீங்கள் லிங்க் செய்த நூலகமும் வேறு வேறு கட்டுகள். ஆர்ம் கட்டில் எழுதிய கோப்பை ரிஸ்க்-5 நூலகத்திடம் கொடுத்தால் இப்படித்தான். ஒரே கமிட், ஒரே கட்டமைப்பு, இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள்.

அறிகுறி: தனியே ஓட்டியபோது நடந்த ஏதோ ஒன்று இங்கே நடக்கவே இல்லை

பூட் முடிந்ததும் வேகமாக ஓடும் அட்டாமிக் சிபியுவிலிருந்து மெமரித் தாமதத்தையும் கணக்கிடும் டைமிங் சிபியுவுக்கு மாறுவது, ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஸ்டாட்ஸ் எழுதுவது, குறிப்பிட்ட இடத்தில் செக்பாயின்ட் எடுப்பது எல்லாம் பைதான் ஸ்கிரிப்டின் பின்பாதியில் இருக்கும். ஐஎன்ஐ கோப்புக்குள் போவது ஆப்ஜெக்டுகளும் அவற்றின் அளவுருக்களும் இணைப்புகளும் மட்டுமே. ஸ்கிரிப்ட் 'என்ன செய்ய வேண்டும்' என்று சொன்னது எதுவும் அதில் இல்லை. இரண்டாம் கட்டத்தில் பைதானே கிடையாது. அந்தப் பின்பாதியை நீங்கள்தான் சி++-இல் மறுபடி எழுத வேண்டும். இதைப் பிழை என்று நினைத்து ஒரு வாரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: சிஸ்டம்சி ஈ519: வெயிட் என்பது எஸ்சி-திரெட்டுக்குள் மட்டும்தான்

ஜெம்5-இன் ஈவென்ட் லூப், சிஸ்டம்சி பக்கத்தில் ஒரு எஸ்சி-மெத்தடாக ஓடுகிறது; எஸ்சி-திரெட்டைப் போல நடுவில் நின்று காத்திருக்க அதற்கு வழியில்லை. ஜெம்5 அட்டாமிக் முறையில் இருக்கும்போது மெமரி அணுகல் பி-டிரான்ஸ்போர்ட்டாக (வேலை முடிந்தபின் திரும்பும் டிஎல்எம் அழைப்பு) வெளியே போகும். வாங்கும் மாடல் தன் தாமதத்தைக் காட்ட உள்ளே 'வெயிட்' போட்டால், அந்த வெயிட் நடப்பது நம் மெத்தடுக்குள். கர்னல் மறுத்துவிடும். வாங்கும் மாடலைத் திருத்த முடிந்தால், வெயிட்டை எடுத்துவிட்டு அந்தத் தாமதத்தை டிலே அளவுருவில் கூட்டச் சொல்லுங்கள். திருத்த முடியாத வெளி நூலகம் என்றால் ஜெம்5-ஐ டைமிங் முறைக்கு மாற்றி, நடுவில் என்பி-டிரான்ஸ்போர்ட்டை (காத்திருக்காமல் திரும்பும் அழைப்பு) வாங்கி ஒரு எஸ்சி-திரெட்டில் பி-டிரான்ஸ்போர்ட்டாகக் கொடுக்கும் சிறு தரகரை வையுங்கள்.

அந்தத் திரெட்டின் ஸ்டாக் அளவைக் கவனியுங்கள். லினக்ஸில் மெயினுக்கு வழக்கமாக 8 மெகாபைட் கிடைக்கும். எஸ்சி-திரெட்டுக்குத் தானாகக் கிடைப்பது அதில் ஒரு சிறு துண்டு. ஜெம்5-இன் ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வேலையை ஒரு திரெட்டுக்குள் வைத்துவிட்டு 'காரணமே இல்லாமல் விழுகிறது' என்று சொல்வார்கள். உருவாக்கும் வேலை மாட்யூலின் கன்ஸ்ட்ரக்டரிலேயே முடிய வேண்டும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் வேலை மட்டும் திரெட்டில்.

அறிகுறி: 'மிஸ்டு ஆன் ஈவென்ட் அட் டைம்' என்று ஃபேட்டல்

இனி வருவது கடிகாரக் கோளாறு. ஈவென்ட் லூப் விழித்துப் பார்க்கும்போது, வரிசையின் தலையில் நிற்கும் ஈவென்ட் ஏற்கனவே கடந்துபோன நேரத்துக்கு உரியதாக இருந்தால் இந்தச் செய்தி வரும்.

மேலே அச்சிட்ட இரண்டாவது வரியை மறுபடி பாருங்கள். சிஸ்டம்சி நேரம் 5000. ஜெம்5 கடைசியாக ஈவென்ட் ஒன்றை ஓட்டியது 3000-இல்; அதன் பிறகு அதற்கு வேலை இல்லை, அதன் கடிகாரம் அங்கேயே நிற்கிறது. இப்போது சிஸ்டம்சி பக்கத்து டிஎம்ஏ, ஜெம்5-இன் பஸ்ஸுக்குள் ஓர் எழுதும் கோரிக்கையைப் போடுகிறது. பஸ் தன் நடப்பு டிக்கோடு தாமதம் 500-ஐக் கூட்டி, 3500-க்கு ஒரு ஈவென்டைப் பதிவு செய்கிறது. அதன் கணக்கில் அது எதிர்காலம். வீட்டுக்காரர் கணக்கில் 1500 டிக் பழசு.

மருந்து, ஜெம்5-இன் சிஸ்டம்சி மாட்யூலில் ஏற்கனவே இருக்கும் 'கேட்ச்-அப்' செயற்கூறு. ஜெம்5-இன் நடப்பு டிக்கை சிஸ்டம்சியின் நேரத்துக்கு இழுத்துவிடுவது அதன் வேலை. வெளியிலிருந்து ஜெம்5-இன் எந்தப் போர்ட்டைத் தொடுவதற்கு முன்னாலும் அதைக் கூப்பிட வேண்டும். கோரிக்கை அனுப்புவது மட்டும் கணக்கில்லை. பதில் அனுப்புவது, ரீட்ரை ('இப்போது மறுபடி அனுப்பலாம்' என்ற தகவல்) அனுப்புவது, இன்டரப்ட் கம்பியை உயர்த்துவது எல்லாமே தொடுவதுதான். மறப்பது பெரும்பாலும் இன்டரப்டில்தான். ஏனென்றால் அது டிரான்சாக்டர் வழியாகப் போகாது, எவரோ குறுக்கு வழியில் எழுதிய நாலு வரி.

இதன் மறுபக்கம், ஈவென்டைப் பதிவு செய்யும்போது நேரம் நடப்பு டிக்கைவிடக் குறைவு என்று அசெர்ட் விழுவது. அப்படி வந்தால் ஜெம்5 பின்தங்கவில்லை, முந்தி ஓடியிருக்கிறது. தங்கள் சொந்தப் பிரிட்ஜில் 'ஜெம்5-ஐ 10000 டிக் ஓட்டு, பிறகு சிஸ்டம்சியை அவ்வளவு ஓட்டு' என்று மாற்றி மாற்றி ஓட்டுபவர்களுக்கு இது வரும். அந்த 10000-க்குள் இரு பக்கமும் பேசிக்கொள்ளாது என்ற உத்தரவாதம் இருந்தால் மட்டுமே அந்த முறை செல்லும். சிஸ்டம்சி பக்கத்தில் குவான்டம் (எவ்வளவு நேரம் முந்தலாம் என்ற வரம்பு) வைத்து முந்தி ஓடும் மாடல்கள் இருந்தாலும் இதே சிக்கல்தான். பேலோடோடு வரும் டிலேயைப் பிரிட்ஜ் காதில் வாங்காமல் உடனே உள்ளே அனுப்பக் கூடாது. பேலோட் ஈவென்ட் வரிசையில் (பேலோடை அதன் நேரம் வரும்வரை பிடித்து வைக்கும் வசதி) போட்டு உரிய நேரத்தில் அனுப்ப வேண்டும்.

அறிகுறி: பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் இன்டரப்ட் தாமதமாக வருகிறது

இதுதான் எனக்கு மிகவும் பிடிக்காத ரகம். விழுந்தால் தெரியும், இது விழாது. சீரியல் போர்ட்டான யூஆர்ட்டில் ஒரு எழுத்து வந்ததும் சிஸ்டம்சி மாடல் இன்டரப்ட் கொடுக்கிறது, ஜெம்5-இல் ஓடும் லினக்ஸ் அதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்க்கிறது. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். இன்டரப்ட் எழுந்த நேரங்கள் எங்கெங்கோ சிதறியிருந்தன. கையாளப்பட்ட நேரங்கள் மட்டும் 4 மில்லிவினாடியின் மடங்குகளில் வரிசையாக நின்றன. ஆர்ம் 64 பிட் லினக்ஸில் டைமர் வழக்கமாக வினாடிக்கு 250 முறை அடிக்கும். 4 மில்லிவினாடி அந்த டைமரின் இடைவெளி. அதாவது, யூஆர்ட்டுக்காக எவரும் ஜெம்5-ஐ எழுப்பவில்லை. டைமர் எழுப்பியபோது அது வாசலில் கிடந்த கடிதத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறது.

காரணம் இப்படி. சிபியு இன்டரப்டுக்காகக் காத்து உறங்கும்போது ஈவென்ட் லூப், வரிசையில் அடுத்த ஈவென்ட் எப்போது என்று பார்த்து அதுவரை சிஸ்டம்சியிடம் தூக்கம் கேட்டிருக்கிறது. நீங்கள் நடுவில் வரிசைக்குள் ஒரு புது ஈவென்டைப் போடுகிறீர்கள். வரிசை மாறிவிட்டது, தூங்குகிறவருக்குத் தெரியாது. போட்டபின் ஈவென்ட் வரிசையை எழுப்பும் 'வேக்-அப்' செயற்கூற்றைக் கூப்பிட வேண்டும். அது லூப்புக்குத் தகவல் கொடுத்து அடுத்த நேரத்தை மறுபடி கணக்கிட வைக்கும். உள்ளே நுழையும்போது கேட்ச்-அப், வெளியேறும்போது வேக்-அப். எங்கள் நிரலில் இதை ஒரு சிறு காவல் வகுப்பாக்கிவிட்டோம்: கன்ஸ்ட்ரக்டரில் முதலாவது, டிஸ்ட்ரக்டரில் இரண்டாவது. அதன் பிறகு எவரும் மறக்க வழியில்லை.

சும்மா இருக்கும்போது டிக்கை நிறுத்திவிடும் கர்னல் அமைப்பு என்றால் இந்த 4 மில்லிவினாடி வரிசை தெரியாது. தாமதம் தாறுமாறாக இருக்கும். சோதனைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மற்றதைவிட 1000 மடங்கு வேகம் அல்லது மெதுவு

ஜெம்5-இன் 1 டிக் என்பது 1 பிகோவினாடி. சிஸ்டம்சியின் நேரத் துல்லியமும் இயல்பில் 1 பிகோவினாடி. இரண்டும் ஒன்று என்பதால் ஈவென்ட் லூப் எந்த மாற்றமும் செய்யாமல் சிஸ்டம்சி நேரத்தின் முழு எண்ணையே டிக்காக எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த ஏதாவதொரு மாடலின் தொடக்க நிரல் துல்லியத்தை 1 ஃபெம்டோவினாடி ஆக்கிவிட்டால், ஜெம்5-க்கு 1000 டிக் என்பது வீட்டுக்காரருக்கு 1 பிகோவினாடி. 1 கிகாஹெர்ட்ஸ் சிபியு, டிஎம்ஏவின் கண்ணுக்கு 1000 மடங்கு வேகமாகத் தெரியும். நானோவினாடி ஆக்கினால் தலைகீழ்.

எஸ்சி-மெயினின் முதல் வரியிலேயே துல்லியத்தை 1 பிகோவினாடி என்று நீங்களே அமைத்துவிடுங்கள். பிறகு எவராவது மாற்ற முயன்றால் கர்னலே ஈ514 கொடுத்து நிறுத்தும். அந்தப் பிழை வருவது நல்லது. யார் மாற்றுகிறார் என்று கையும் களவுமாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: நேரம் ஓடுகிறது, சிபியு நகரவில்லை

தனியே ஓடும் ஜெம்5-இல் முடங்கல் வந்தால் 18446744073709551615 என்ற டிக்கில் எல்லை எட்டியதாகச் சொல்லி முடியும். 64 பிட்டில் கொள்ளும் மிகப்பெரிய எண் அது. பிகோவினாடிக் கணக்கில் ஏறக்குறைய 213 நாள். அந்த எண்ணைப் பார்த்ததும் 'சரி, எவரோ ரீட்ரை அனுப்பவில்லை' என்று புரிந்துகொள்வோம். உள்ளே குடிவைத்தபின் அந்தச் சலுகையும் போச்சு. சிஸ்டம்சி பக்கத்தில் ஒரு கிளாக் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், சிமுலேஷன் உயிரோடு இருப்பது போலவே தெரியும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் கோரிக்கைப் பாதை. ஜெம்5 ஒரு டைமிங் கோரிக்கையை அனுப்பும்போது பிரிட்ஜ் முடியாது என்று 'ஃபால்ஸ்' திருப்பினால், பிறகு கட்டாயம் ரீட்ரை அனுப்ப வேண்டும். அதுவரை ஜெம்5 அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். தானாக மறுபடி கேட்காது. டிஎல்எம் பக்கத்தில் இதற்கு இணையான விதி, ஒரு பிகின்-ரெக்குக்கு (கோரிக்கை தொடங்குகிறது) எண்ட்-ரெக் (கோரிக்கை ஏற்கப்பட்டது) வரும்வரை அதே சாக்கெட்டில் அடுத்த பிகின்-ரெக் கூடாது என்பது. ஆக பிரிட்ஜ் எண்ட்-ரெக் வந்ததும் பூட்டைத் திறந்து ரீட்ரை அனுப்புகிறது. இதுவரை எல்லாரும் சரியாக எழுதுகிறார்கள்.

இடறுவது அடுத்ததில். எண்ட்-ரெக்கை அனுப்பாமலேயே நேரே பிகின்-ரெஸ்ப் (பதில் தொடங்குகிறது) அனுப்ப வாங்கும் மாடலுக்கு உரிமை உண்டு. பிகின்-ரெஸ்ப் வந்தாலே எண்ட்-ரெக் வந்ததாக அர்த்தம். உங்கள் பிரிட்ஜ் எண்ட்-ரெக்கில் மட்டும் பூட்டைத் திறக்கிறது என்றால், சோதனைக்கு வைத்த மெமரி மாடலோடு எல்லாம் ஓடும். புது மாடலை மாட்டிய அன்று முதல் கோரிக்கையிலேயே நின்றுவிடும். பழி புது மாடலின் மேல் விழும். அவர்கள் தரத்தின்படி எழுதியிருப்பார்கள், தப்பு நம்முடையது. கம்ப்ளீட்டெட் என்று உடனே திருப்பிவிடும் மாடல்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

பதில் பாதையில் இதன் கண்ணாடிப் பிம்பம். ஜெம்5 பதிலை வாங்க மறுத்தால், அது ரீட்ரை சொல்லும்வரை எண்ட்-ரெஸ்ப்பை நிறுத்தி வையுங்கள். இன்னொன்று: ஜெம்5 உங்களைக் கூப்பிட்ட அதே கால் ஸ்டாக்குக்குள்ளேயே ரீட்ரை அனுப்பாதீர்கள். அடுத்த டெல்டாவில் (நேரம் நகராமல் நடக்கும் அடுத்த சுற்றில்), பேலோட் ஈவென்ட் வரிசையின் வழியாக அனுப்புங்கள்.

அறிகுறி: டிஎல்எம் மெமரியில் படிப்பதும் எழுதுவதும் மட்டுமே வரலாம் என்று பேனிக்

கேஷ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகள் வெளியே கசிகின்றன. வெளி போர்ட்டை எல்2 கேஷுக்கு அடியில் நேரடியாக மாட்டியிருப்பீர்கள். நடுவில் ஒரு சிஸ்டம் எக்ஸ்பார் (ஜெம்5-இன் பஸ் மாடல்) வையுங்கள். அந்தக் குடும்பப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: முகவரிக்கு இடம் தெரியவில்லை என்று எக்ஸ்பார் புகார், அல்லது மெமரி மாடல் எல்லை மீறல் என்கிறது

முதலாவது என்றால் வெளி போர்ட்டின் முகவரி எல்லைகளை ஸ்கிரிப்டில் எழுதவில்லை. இரண்டாவது என்றால் ஆஃப்செட். ஜெம்5-இன் ஆர்ம் மாடல்களில் டிராம் மெமரி 2147483648-இல், அதாவது 2 கிகாபைட்டில் தொடங்கும். உங்கள் சிஸ்டம்சி மெமரி 0-இலிருந்து எண்ணுகிறது. எடுத்துக்காட்டு நிரலில் இதற்கென்றே ஆஃப்செட் தேர்வு ஒன்று உண்டு.

அறிகுறி: 'ஹலோ வேர்ல்டு' ஓடி முடிகிறது, திரையில் எழுத்து இல்லை, அல்லது சிபியு முதல் கட்டளையிலேயே தெரியாத கட்டளை என்கிறது

ஜெம்5-இல் மூன்றாவதாக ஒரு பாதை உண்டு: ஃபங்ஷனல். நேரம் நகராமல் மெமரியைத் தொடுவது. நிரல் கோப்பை மெமரியில் ஏற்றுவது இந்தப் பாதையில். லினக்ஸ் இல்லாமல் நிரலை மட்டும் ஓட்டும் சிஸ்டம் கால் எமுலேஷனில் 'ரைட்' கேட்கும்போது அச்சிட வேண்டிய எழுத்துகளை எடுப்பதும் இதில்தான். சிஸ்டம்சி பக்கம் இது டிரான்ஸ்போர்ட்-டிபிஜி ஆக வரும். பல மாடல்களில் அதை எவரும் எழுதுவதே இல்லை. பதிவு செய்யாத சிம்பிள் டார்கெட் சாக்கெட் அமைதியாக 0 பைட் என்று திருப்பும். ஜெம்5-ஓடு வரும் டிரான்சாக்டர் கேட்ட அளவும் கிடைத்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் புகார் செய்யும். கையால் எழுதிய பிரிட்ஜ் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அப்போது நிரல் ஏறவே இல்லை, சிபியு வெற்று மெமரியைக் கட்டளை என்று படிக்கிறது.

எழுத்து மட்டும் வராமல் நிரல் சரியாக முடிகிறது என்றால் இன்னும் நுட்பம்: எழுதுவது நடக்கிறது, படிப்பது பாதியில் நிற்கிறது. எங்களிடம் ஒரு மாடல், எத்தனை பைட் கேட்டாலும் 4 பைட் மட்டும் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகச் சொன்னது. திரையில் 'Hello' என்பதில் முதல் நாலு எழுத்து மட்டும் வந்தபோதுதான் பிடிபட்டது.

அறிகுறி: ஸ்டாட்ஸ் கோப்பு காலி

பைதான் செய்துகொண்டிருந்த வேலை இதுவும். ஸ்டாட்ஸை இயக்குவதும், முடிவில் எழுதச் சொல்வதும் உங்கள் சி++ நிரலின் பொறுப்பு. எஸ்சி-ஸ்டாப்புக்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஓட ஓட ராம் ஏறிக்கொண்டே போகிறது

பேலோடை அக்வயர் செய்த ஒவ்வோர் இடத்துக்கும் ரிலீஸ் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏறினால், பதில் தேவைப்படாத பாக்கெட்டுகளைப் பாருங்கள். ரைட்பேக் (கேஷிலிருந்து மெமரிக்குத் திருப்பி எழுதுவது) போனால் போனதுதான், பதில் வராது. பதில் வரும்போது அழிக்கலாம் என்று எழுதியிருந்தால் அவை அழியவே அழியாது. எங்கள் பிரிட்ஜில் எல்2-வின் அளவைக் குறைத்ததும் ராம் இன்னும் வேகமாக ஏறியது. கேஷ் சிறிதாக ஆக ரைட்பேக் கூடும் என்று அப்போதுதான் உறைத்தது.